போகியில் எரிந்த பெட்டி

காடாம்புலியூர்
18.1.2025

செல்விக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா ஓடவில்லை. அதனால் வெறும் செல்விக்கு.

எனக்குப் போன் செய்யாதே. உன் அண்ணி போனுக்கும் செய்யாதே, எடுக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் என் கோபம் இறங்கிவிடும். இந்தத் தடவை இறங்கக் கூடாது என்று முடிவு கட்டித்தான் தபாலாபீஸ் படியேறி உறை வாங்கி வந்தேன். கூடப் பிறந்த தங்கச்சிக்குக் கடிதம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. எழுத வைத்துவிட்டாய்.

காணும் பொங்கலன்று என்ன நினைப்போடு சிதம்பரம் வந்தேன் தெரியுமா? டாட்டா ஏஸ் வண்டியில் ஒரு பக்கம் உங்களுக்குக் கரும்பும் சுவேதாவுக்கு முந்திரிப் பருப்பும். இன்னொரு பக்கம் வைக்கோல் பரப்பி வைத்திருந்தேன், தேன்பூச்சிப் பெட்டி அதிராமல் வர வேண்டுமே என்று. உன் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்க்கிறேன், கட்டின கம்பி மட்டும் தொங்குகிறது. மரத்தடியில் போகிச் சாம்பல். சாம்பலுக்குள் பெட்டியின் மூடித் தகரம். நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்தப் பெட்டிக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? புதுப் பலகை வாசனை பூச்சிக்கு ஆகாது என்று பழைய மாம்பலகை தேடி அலைந்தேன். உள்ளே பழைய தேன்மெழுகை உருக்கித் தடவினேன். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு வாசல். காட்டுப் பூச்சிக் கூட்டம் பிரிந்து வீடு தேடும்போது, இங்கே முன்பு யாரோ குடியிருந்திருக்கிறார்கள், நம்பி இறங்கலாம் என்று அதற்குத் தோன்ற வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். ஆறு பெட்டி கட்டினேன். எங்கள் ஊரில் கட்டின நாலும் காலி. சுற்றிலும் மருந்தடித்துக் கொல்கிற இடத்துக்கு எந்தப் பூச்சி வரும்? அதனால்தான் உன் வீட்டில் ஒன்று, எதிர்வீட்டு லூர்துசாமி சார் மாமரத்தில் ஒன்று. கார்த்திகைக் கடைசியில் உன் வீட்டுப் பெட்டிக்கு ஒரு கூட்டம் வந்தது. நீதானே சொன்னாய், "அண்ணா, உன் விருந்தாளிங்க வந்துட்டாங்க"ன்னு? நான் அன்றைக்குத் தோப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

தானே புயலில் ஒரு மரம் மிச்சமில்லாமல் போய், மறுபடி கன்று வைத்து வளர்த்த முந்திரித் தோப்பு இது. இரண்டு வருஷமாகப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. மகரந்தம் சேர்க்கப் பூச்சியே இல்லை என்று தேன்பூச்சி வளர்ப்புப் பயிற்சியில் சொன்னார்கள். இந்த வருஷமும் பிடிக்காவிட்டால் வெட்டிவிட்டுச் சவுக்கு வைப்பது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அந்த ஒரு பெட்டியை நம்பி இருந்தேன்.

யார் கொளுத்தினது? நேராகப் பதில் எழுது. எதிர்வீட்டுப் பெட்டியின் பக்கம் யாரும் போகக் கூடாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

தேவநாதன்

---

சிதம்பரம்
22.1.2025

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. சுவேதாதான் வாங்கினாள். "மாமா லெட்டர் போட்டுருக்காரும்மா" என்று சந்தோஷமாக ஓடி வந்தாள். அவளிடம் படிக்கக் கொடுக்க முடியாத கடிதம்.

பெட்டியை வேண்டுமென்று யாரும் கொளுத்தவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆண்டி வந்திருந்தார். கொல்லையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். பழைய பாய், உடைந்த முறம், பழைய பெட்டி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போகியில் போட்டுவிட்டார். பார்க்கக் குப்பை மாதிரித்தானே இருந்தது, கறுப்படித்துப்போய். நடந்தது நடந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

ஆனால் நீ கத்தியது சரியில்லை. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. பத்து வீட்டுச் சனம் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாரா? தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரைப் போய், "உங்க வூட்டுல நெருப்பு வைக்கவே ஆளு வளக்கிறீங்களா"ன்னு கேட்டாய். அது எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. லூர்துசாமி சார் வீட்டுப் பெட்டியையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எதற்கு வம்பு?

தமிழ்ச்செல்வி

---

காடாம்புலியூர்
30.1.2025

செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆண்டிக்குப் போன் போட்டேன். நான் கேட்ட கேள்வியில் அந்த ஆள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். "கண்ணு அவிஞ்சா போச்சி, உள்ள உசுரு இருக்கிறது தெரியலியா"ன்னு ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தை வரைக்கும் போய்விட்டேன். அவர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகுதான் எனக்கு இடித்தது.

அந்தப் பெட்டியைப் பத்தடி உயரத்தில் மூன்று சுற்றுக் கம்பி போட்டுக் கட்டியவன் நான். ஏணி வைத்து ஏறி, கட்டிங் பிளேயர் எடுத்து, கம்பியை வெட்டி இறக்க வேண்டும். குப்பை பொறுக்குகிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா? கையில் தூக்கினாலே உள்ளே இரையுமே, கேட்காதா? தட்டினால் கிளம்பி முகத்தை மொய்க்குமே? ஆண்டிக்கு ஒரு கொட்டு விழுந்ததாகக்கூட நீ எழுதவில்லை. யாரோ முதல் நாள் சாயங்காலம் பூச்சியெல்லாம் திரும்பினதுமே பெட்டி வாசலை அடைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் செய்த வேலை. எனக்குக் காது குத்தாதே.

எதிர்வீட்டுப் பெட்டியை எடுக்க முடியாது. எடுக்கவே முடியாது. லூர்துசாமி சார் நேற்றுப் பேசினார். இரண்டு நாளாக நாலைந்து பூச்சி வந்து வாசலுக்குள் நுழைந்து நுழைந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். வீடு பார்க்க வருகிற பூச்சி அது. ஒரு வாரத்தில் கூட்டம் வந்துவிடும். இதையும் கெடுக்கப் பார்த்தால் உனக்கும் எனக்கும் போக்குவரத்தே கிடையாது. தெருப் பிள்ளைகள் மேல் உனக்குத் திடீரென்று என்ன அக்கறை?

தேவநாதன்

---

சிதம்பரம்
4.2.2025

அண்ணா,

ஆண்டி நேற்று வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "நான் என்னாம்மா தப்பு பண்ணேன், பொட்டிய நான் பாக்கவே இல்லியே"ன்னு கேட்டார். அறுபது வயசு ஆள். கண்ணில் தண்ணீர். அவர் மேல் பழியைப் போட்டது நான். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். நீயும் கேள்.

கொளுத்தினது நான்தான்.

தெரிந்தேதான் கொளுத்தினேன். நீ கண்டுபிடித்தது சரி. போகிக்கு முதல் நாள் இருட்டுகிற நேரத்தில் ஏணி போட்டு ஏறி, வாசலில் ஈரத்துணியை அடைத்தேன். விடியற்காலையில் கம்பியை வெட்டினேன். தெரு முழுக்கப் புகை, யாரும் கவனிக்கவில்லை. தீயில் போட்டபோது உள்ளே சத்தம் கேட்டது. எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. கொஞ்ச நேரம்தான். அந்தச் சத்தத்துக்காக நான் வருத்தப்படுகிறேன். உனக்காக வருத்தப்படவில்லை.

ஏன் என்று கேட்பாய். சொல்லக் கூடாது என்று உன் மாப்பிள்ளை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நீ ஆண்டியைத் திட்டினாய் பார், அதோடு அந்தச் சத்தியம் முறிந்தது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நீதான் அவருக்குப் போன் செய்தாய். "மாப்ள, மூடிய லேசா தூக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, தேனடை எவ்ளோ எறங்கியிருக்குன்னு பாக்கணும்"ன்னு. அவருக்கு அதெல்லாம் பழக்கமா? ஜெராக்ஸ் கடையில் பேப்பர் அடுக்குகிற கை. இருந்தாலும் நீ கேட்டாய் என்று ஏறினார். கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. இரண்டே கொட்டு. இறங்கி வந்து, "ஒண்ணுமில்ல செல்வி, சுண்ணாம்பு எடு"ன்னார். சுண்ணாம்பு எடுத்து வருவதற்குள் உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்கிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. சுவேதாதான் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாஸ்க் மாட்டி, இரண்டு நாள். "இவருக்குத் தேனீ விஷம் ஒத்துக்காது. இன்னொரு தடவை கொட்டினா இங்க வந்து சேர நேரம் இருக்கும்னு சொல்ல முடியாது"ன்னு டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீ எடுத்ததும் எடுக்காததுமாக என்ன கேட்டாய்? "மூடிய திருப்பி ஒழுங்கா வெச்சாரா? இடுக்கு இருந்தா பூச்சி ஓடிப் பூடும்." அதுதான் கேட்டாய். நான் ஏன் கூப்பிட்டேன், என் குரல் ஏன் அப்படி இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் வைத்துவிட்டேன். நீ திரும்பிக் கூப்பிடவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய்.

அவர் கண் திறந்ததும் சொன்னது இது. "மச்சானுக்குச் சொல்லாத. தோப்பு அவருக்கு உசுரு. தெரிஞ்சா பொட்டிய எடுத்துடுவாரு, பாவம்." உன் பூச்சிக்குப் பாவம் பார்த்த அவரைத்தான் காணும் பொங்கலன்று நீ நடுவீட்டில் நிறுத்தி அப்படிக் கேட்டாய். அவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இப்போது கேள். நேற்றுக் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டுப் பெட்டிக்குக் கூட்டம் வந்துவிட்டது. தெரு முழுக்க ஒரே இரைச்சல். அவரைப் படுக்கையறைக்குள் தள்ளி, ஜன்னலைச் சாத்தி, சந்துக்கெல்லாம் பழைய புடவையைக் கிழித்து அடைத்தேன். கடை திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்கவில்லை. அந்த மாமரத்துக்கும் என் வாசலுக்கும் நாற்பதடி இருக்குமா? லூர்துசாமி சார் கிறிஸ்துமசுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது. விஷயத்தைச் சொன்னால் ஆள் வைத்து இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுவார். நான் சொல்ல மாட்டேன். நீ கட்டின பெட்டி. நீ வந்து எடு. எடுக்காவிட்டால் எனக்குத் தீப்பெட்டி போதும், அடுத்த போகி வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

செல்வி

---

காடாம்புலியூர்
8.2.2025

செல்வி,

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. உன் அண்ணியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் முன்னால் வைத்தாள். "அந்த மனுசன் செத்திருந்தாகூட நீ பொட்டிய எடுத்துக்கினுதான் வந்திருப்ப"ன்னா. அதோடு சரி. சோறு போடுகிறாள், பேசவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் போகவில்லை. நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா? இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷனை மச்சானுக்கே தெரியாமல் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? நான் பூச்சியைப் பற்றிக் கேட்டேன் என்றால், "அடப்பாவி, இங்க உன் மாப்ள மூச்சுக்குத் திணறுறாரு"ன்னு கத்த வேண்டியதுதானே? என்னைக் கத்தி அடக்க உனக்குச் சொல்லித் தர வேண்டுமா? போனை வைத்துவிட்டு, பதினைந்து நாள் மனசுக்குள் வைத்துப் பொங்கி, தீயில் போட்டிருக்கிறாய். காணும் பொங்கலன்று நான் குரைத்ததையும் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய். அன்றைக்கே சொல்லியிருந்தால் அங்கேயே அவர் காலைப் பிடித்திருப்பேன்.

இப்போது நான் எழுதப்போவது எனக்கே பிடிக்கவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை அனுப்பின போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். அடை நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் மூடியைப் பிடித்திருக்கிற அவர் கை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொடுக்கு குத்தி நிற்கிறது, சுற்றிலும் சிவந்திருக்கிறது. கொட்டின பிறகும் மூடியை விடாமல் எனக்காகப் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படத்தை நான் அன்றைக்கு ஐம்பது தடவையாவது பெரிதாக்கிப் பார்த்தேன் செல்வி. ராணி தெரிகிறதா, முட்டை தெரிகிறதா என்று. "சூப்பர் மாப்ள"ன்னு பதில் போட்டிருக்கிறேன். கையை நான் பார்க்கவே இல்லை.

ஆண்டியிடம் பேசிவிட்டேன். "பரவால்லீங்க, ஏதோ வேகத்துல பேசிட்டீங்க"ன்னார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டி விஷயம். புதிதாக இறங்கின கூட்டத்தைப் பத்து நாளாவது அசைக்கக் கூடாது. அடை கட்டி முட்டை வைத்துவிட்டால் நிற்கும். அதற்கு முன்னால் தூக்கினால் ஓடிப்போவதற்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. இது உனக்காக எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் பொறுக்க மாட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்தப் பெட்டி உன் தெருவில் இருக்காது. அதுவரைக்கும் மாப்பிள்ளையை வெளியே விடாதே.

தேவநாதன்

---

சிதம்பரம்
11.2.2025

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ அதற்கு முதல் நாளே வந்துவிட்டுப் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு உன் வண்டி எதிர்வீட்டில் நின்றது. ஜன்னல் சந்தில் அடைத்த துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நீ மரமேறினாய். வாசலை அடைத்தாய். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து இறக்கினாய். லூர்துசாமி சாரிடம் ஏதோ சொன்னாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயத்தைச் சொல்லிவிட்டாய் என்று. மறுநாள் காலையிலேயே அவர் வந்து, தெரியாமல் போச்சே என்று உன் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

பெட்டியை எடுத்தாய், சரி. அப்புறம்?

"மச்சான் வந்துருக்காரு, டீ போடு"ன்னு உன் மாப்பிள்ளை லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். ஆறு நாளாக வெளியே போகாத மனுஷன் சீப்பெடுத்துத் தலை வாரினார். நான் பாலை அடுப்பில் வைத்தேன். சுவேதா வாசலுக்கு ஓடி வந்து, "வாங்க மாமா"ன்னு கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். நீ திரும்பிப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று பொய் சொல்லாதே, நான் ஜன்னலில்தான் இருந்தேன். பார்த்துவிட்டு, வரவேண்டாம் என்கிற மாதிரி அவளைக் கையால் விரட்டினாய். விடுவிடுவென்று வண்டியில் ஏறினாய். போய்விட்டாய்.

பிள்ளை முகம் சுண்டிப்போய் உள்ளே வந்தாள். "மாமாவுக்கு எம்மேலயும் கோவமாம்மா?"ன்னு கேட்டாள். அவர் வேட்டியை அவிழ்த்துவிட்டு மறுபடி லுங்கி கட்டிக்கொண்டார்.

காலைப் பிடித்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, யார் உன்னைக் காலைப் பிடிக்கச் சொன்னது? உள்ளே வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க மாப்ள"ன்னு கேட்க உனக்கு வாய் வலிக்கிறதா? பூச்சிக்காக அறுபது கிலோமீட்டர் வருகிறவனுக்கு என் வீட்டு வாசல் நாற்பதடி தூரமாகிவிட்டது. நான் கொளுத்தினது தப்பு என்றுதான் நீ வந்து போகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்கவில்லை. போக்குவரத்து கிடையாது என்று எழுதினாயே, அப்படியே இருக்கட்டும்.

தமிழ்ச்செல்வி

---

காடாம்புலியூர்
15.2.2025

செல்வி,

நன்றாகத் திட்டியிருக்கிறாய். முழுவதும் படித்தேன். உன் அண்ணி இரண்டு தடவை படித்தாள். சுவேதாவைக் கை வீசி விரட்டின இடத்தில் அவளும் என்னை முறைத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பூச்சி நிற்கவில்லை. நாலாம் நாள் காலையில் மொத்தமும் எழும்பி, தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போய்விட்டது. தூக்கும்போதே தெரியும் இப்படித்தான் ஆகும் என்று. அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சவுக்கா முந்திரியா என்பதைப் பங்குனியில் பார்த்துக்கொள்கிறேன்.

மரத்தில் ஏறியபோது வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. சில பூச்சி வெளியிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. நான் வாசலை அடைத்துவிட்டதும், உள்ளே போக வழியில்லாமல் என்மேல் வந்து உட்கார்ந்தது. தலையில், முதுகில். இறங்கி வந்து வண்டிக்கு மறுபக்கம் நின்று லூர்துசாமி சாரைத் தட்டிவிடச் சொன்னேன். தட்டினார். எல்லாம் போய்விட்டது என்றார். அவர் சோடாபுட்டிக் கண்ணாடியை நம்பி நான் எப்படி உன் வீட்டுக்குள் வருவேன்?

சுவேதா ஓடி வந்தாள். வந்து என் கையைப் பிடிப்பாள், தோளில் சாய்வாள், அப்படியே உள்ளே போய் அவள் அப்பா பக்கத்தில் உட்காருவாள். அதனால்தான் விரட்டினேன். வாயைத் திறந்து காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் மூன்று பேரும் வாசலுக்கே வந்து நின்று, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள வாங்க"ன்னு சொல்லியிருப்பீர்கள். மாப்பிள்ளை முதல் ஆளாக வந்து கையைப் பிடித்திருப்பார். அவர் அப்படித்தான். அவருக்குத் தன் உயிர் பெரிதில்லை, உனக்கு மரியாதை பெரிது, எனக்கும் அறிவு கிடையாது. இந்த வீட்டில் யாரை நம்புவது?

சேத்தியாத்தோப்பில் வண்டியை நிறுத்தி, டீக்கடை லைட்டுக்குக் கீழே சட்டையைக் கழற்றினேன். கடையில் இருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். காலரை மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் மூன்று இருந்தன. மூன்றும் உயிரோடு இருந்தன.

இப்போது சொல்லு. உள்ளே வந்திருக்க வேண்டுமா?

உன் அண்ணன்
தேவநாதன்